பைலட் சம்பளமும் பறக்கிற ஆசையும்: நிலாவெளிக் காணியை விக்கலாமா?

வாசகர் கேள்வி, 03.06.2024, இரவு 9.40

மகன் ஏ.எல். கணிதப் பிரிவில செய்தவன். ரிசல்ட் பரவாயில்லை, ஆனா பொறியியலுக்குக் காணாது. சின்னனில இருந்தே பிளேன் பைத்தியம். சீனக்குடா விமானத்தளத்தில ஏதும் இறங்கிற சத்தம் கேட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவான். இப்ப ரத்மலானையில பைலட் கோர்ஸ் செய்யப்போறானாம். நிலாவெளியில மனிசிட காணித்துண்டு ஒண்டு இருக்கு, வித்தால் காசு காணும். ஆனா சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றார், பைலட்மாருக்கு இப்ப சம்பளமே இல்லை, ஆசைக்காகத்தான் பறக்கிறாங்கள் எண்டு. இன்னொருத்தர் மாசம் பத்து லட்சத்துக்குக் குறையாது எண்டுறார். எதை நம்புறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

03.06.2024, இரவு 11.15

நானும் பைலட்டா வேலை செய்தவன், அதால சொல்றன்: ரெண்டையும் நம்பலாம். பத்து லட்சம் எடுக்கிற கப்டனும் இருக்கிறார், மாசக் கடைசியில பஸ் காசு தேடுற இன்ஸ்ட்ரக்டரும் இருக்கிறான். சில நேரம் அது ஒரே ஆள்தான், இடையில பத்துப் பன்னிரண்டு வருசம். காணியை விக்க முதல் அந்த நடு வருசங்களை வீட்டில ஆர் தாங்கப்போறீங்கள் எண்டு யோசியுங்கோ. மிச்சம் நாளைக்கு.

04.06.2024, காலை 6.50

முதல்ல கணக்கு. வர்த்தக விமானி லைசன்ஸுக்கு 200 மணித்தியாலம் பறந்திருக்க வேணும். ஒரே பள்ளியில ஒருங்கிணைந்த கோர்ஸாச் செய்தால் 150. சர்வதேச அளவில வச்ச அடிமட்டம் இது. பெரிய விமானத்தில கப்டனா இருக்கிறதுக்கு வேற லைசன்ஸ், அதுக்கு 1,500 மணித்தியாலம். காணி வித்த காசு முதலாவதோட முடிஞ்சிரும். அங்கால போற வழியை ஒரு பள்ளியும் விக்கிறதில்லை.

மணித்தியாலம் சேர்க்க நான் போனது இன்ஸ்ட்ரக்டர் வழி, அதாவது புதுப் பெடியளுக்குப் பறக்கப் படிப்பிக்கிறது. செஸ்னா 152 எண்டு ரெண்டு பேர் மட்டும் இருக்கிற குட்டி விமானம், தோளோட தோள் முட்டும். கதவைச் சாத்தினால் வேர்வை கண்ணுக்குள்ள வழியும். பக்கத்தில இருக்கிற பெடியன் ரேடியோவில என்ன சொல்றதெண்டு மறந்து என்ர முகத்தைப் பார்ப்பான். எனக்குச் சம்பளம் என்ஜின் ஓடுற நேரத்துக்கு மட்டும். அதுக்கு முதல் கரும்பலகையில படிப்பிக்கிறது, எண்ணெய் மட்டம் பார்க்கிறது, தாங்கியில தண்ணி கலந்திருக்கா எண்டு கொஞ்சம் வடிச்சுப் பார்க்கிறது, இறங்கின பிறகு விட்ட பிழைகளைச் சொல்லிக் குடுக்கிறது, ஒண்டுக்கும் சதம் இல்லை.

வைகாசியில தென்மேல் பருவம் தொடங்கினால் ரத்மலானையில முகில் கீழ இறங்கீரும். தாழ்வாரத்தில இருந்து மழையைப் பார்க்கிறதுதான் வேலை, அண்டைக்கு வருமானம் பூச்சியம். அந்த மாசங்களில ஊரில, திருகோணமலைப் பக்கம், ஒரு முகில் இருக்காது, கச்சான் காத்து மட்டும் அடிக்கும். அம்மா போன் எடுத்து, "இங்க வெயில் கொளுத்துது, நீ ஏன் பறக்கேல்ல?" எண்டு கேப்பா.

04.06.2024, பகல் 1.20

மேல ஒண்டு விட்டுப்போச்சு. அந்தக் காலத்தில ஒரு சின்ன நிறுவனத்தில, பேர் வேண்டாம், மாசக்கணக்காச் சம்பளத்தை இழுத்தடிச்சாங்கள். போய்க் கேட்டால் முதலாளி சிரிச்சுக்கொண்டு சொன்னார், "உனக்குப் பறக்கக் கிடைக்குதுதானே தம்பி."

வங்கியில வேலை செய்யிற பெடியனிட்ட ஆரும் "உனக்குக் காசு எண்ணக் கிடைக்குதுதானே" எண்டு சொல்லிச் சம்பளத்தைப் பிடிக்கிறதில்லை. இந்தத் தொழிலில மட்டும் ஆசைக்கு ஒரு விலை போட்டு, அதைச் சம்பளத்தில கழிச்சுத்தான் தருவாங்கள். நேர்முகத்தில கண் மின்ன மின்ன "சின்ன வயசு கனவு சேர்" எண்டு சொல்றோமே, அந்த இடத்திலயே பேரம் முடிஞ்சுது.

ஐரோப்பாவில இதை ஒரு படி மேல கொண்டுபோனாங்கள். புதுப் பெடியன் தானே காசு கட்டி, பயணிகள் இருக்கிற விமானத்தில கோ-பைலட்டா இருந்து மணித்தியாலம் சேர்க்கிற ஏற்பாடு. பின்னால இருக்கிறவரும் டிக்கெட் வாங்கி ஏறுறார், முன்னால இருக்கிறவரும் காசு குடுத்துத்தான் ஏறுறார்.

05.06.2024, காலை 7.05

மூதூரில இருந்து எழுதினவர் 2009இல அமெரிக்காவில நடந்த பஃபலோ விமான விபத்தைச் சொல்லி, "குறைஞ்ச சம்பளம் 50 பேரைக் கொண்டது" எண்டு முடிச்சிருக்கிறார். அவ்வளவு நேர்கோடு இல்லை தம்பி.

2009 பெப்ரவரி 12 இரவு, நியூஆர்க்கில இருந்து பஃபலோ போன கோல்கன் ஏயார் 3407. உள்ளுக்கு 49 பேர், விழுந்த வீட்டில ஒருத்தர். இறங்கப் போகேக்க வேகம் குறைஞ்சு, கட்டுப்பாட்டுத் தடி நடுங்கி எச்சரிச்சது. அந்த நேரம் விமானத்தின்ர மூக்கைக் கீழ விடவேணும், கப்டன் தடியைத் தன்ர பக்கம் இழுத்தார். விசாரணைச் சபை காரணமா எழுதினது அதைத்தான்.

ஆனா விசாரணையில வெளிய வந்த மற்றக் கதையையும் மறைக்க ஏலாது. துணை விமானிக்கு 24 வயசு. வேலை நியூஆர்க்கில, இருப்பு நாட்டின்ர மற்றக் கரையில, சியாட்டில் பக்கம் தாய் தகப்பனோட. முதல்நாள் இரவு முழுக்க விமானம் மாறி மாறி வேலைக்கு வந்து சேர்ந்தவ. சம்பளம் வருசத்துக்கு 25,000 டொலருக்குள்ள. அந்தச் சம்பளத்தில நியூஆர்க் பக்கம் தனி அறை எடுத்து இருக்கிறது லேசில்லை. களைப்பு எவ்வளவு பங்கு எண்டு சபையால அளந்து சொல்ல முடியேல்ல.

பிறகு 2010இல சட்டம் வந்து, 2013இல இருந்து அமெரிக்காவில பயணிகள் விமானத்துத் துணை விமானிக்கும் 1,500 மணித்தியாலம் வேணும் எண்டாச்சு. இராணுவத்தில பறந்தவருக்கு 750. இதில பகிடி என்னெண்டால், விழுந்த விமானத்தில இருந்த ரெண்டு பேருமே 1,500ஐத் தாண்டினவங்கள்.

05.06.2024, காலை 7.30

அந்த 2009ஆம் வருசமே ஜனவரி 15, நியூயோர்க்கில ஹட்சன் ஆத்தில ஏ320 பயணிகள் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாத்தின கப்டன் சல்லன்பேகர், பெப்ரவரி 24 அமெரிக்கக் காங்கிரசுக்கு முன்னால போய் இருந்தார். உலகமே தலையில தூக்கி வச்சிருந்த நேரம். அவர் சொன்னது: சம்பளம் 40 வீதம் வெட்டுப்பட்டது, ஓய்வூதியம் போச்சு, தன்ர பிள்ளையள் இந்தத் தொழிலுக்கு வரவேணும் எண்டு விரும்புற விமானி ஒருத்தரையும் தனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய ஆளுக்கே ஆசைக் கழிவு போட்டிருக்கிறாங்கள். ரத்மலானை இன்ஸ்ட்ரக்டர் எந்த மூலைக்கு?

05.06.2024, இரவு 10.10

காலமை எழுதினதைத் திரும்ப வாசிச்சுப் பார்த்தன். அழுகை கொஞ்சம் கூடிப்போச்சு. அந்தக் கதை அங்கயே நிக்கேல்ல. கொரோனா நேரம் அமெரிக்காவில கனபேரை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பினாங்கள். சனம் திரும்பப் பறக்கத் தொடங்க ஆளில்லை. 2022 ஜூனில பெரிய நிறுவனம் ஒண்டுக்குக் கீழ இருக்கிற பிராந்திய விமானச் சேவைகள் புதுத் துணை விமானிக்கு மணித்தியாலத்துக்கு 90 டொலர் எண்டு அறிவிச்சாங்கள். 2009இல அழுத பிள்ளையளுக்கு அது கனவிலயும் இல்லாத தொகை. பத்து வருசத்துக்கு மேல கெஞ்சியும் நடக்காதது, ஆள் தட்டுப்பாடு வந்த உடன ஒரே மாசத்தில நடந்தது.

அதால என்ர அபிப்பிராயம்: சம்பளம் விமானியின்ர திறமைக்கோ, பொறுப்புக்கோ, பின்னால இருக்கிற உயிர்களின்ர எண்ணிக்கைக்கோ குடுக்கிறது எண்டு நினைச்சு ஏமாற வேண்டாம். வாசலில எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்கள் எண்டதுக்குத்தான் விலை.

06.06.2024, காலை 5.55

"அப்ப பறக்கிற ஆசை ஒரு வருத்தம் எண்டு சொல்றீங்களா அண்ணை?" எண்டு ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் மாலைதீவில கடல் விமானத்தில வேலை செய்தவன்.

ட்வின் ஒட்டர், சில்லுக்குப் பதிலா ரெண்டு மிதவை. விடிய முதல் துறையில நிக்கவேணும். மிதவைக்குள்ள தனித்தனி அறைகள் இருக்கு, இரவில அதுகளுக்குள்ள தண்ணி கொஞ்சம் ஊறியிருக்கும். ஒவ்வொரு அறைக்கும் மேல சின்ன இறப்பர் மூடி. அதைக் கழட்டி, கைப்பம்பைச் செருகி இழுத்தால் முதல்ல உப்புத்தண்ணி வரும், பிறகு வெறும் காத்து உறிஞ்சுற சத்தம், அப்ப அடுத்த மூடிக்கு மாறலாம். எந்த அறையில வழமைக்கு மேல தண்ணி வருதோ அதை எஞ்சினியரிட்ட சொல்லவேணும். உடுப்பு அரைக்காற்சட்டை. காலில ஒண்டும் இல்லை, ஈர மிதவையில சப்பாத்து வழுக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு அதே மிதவையில உள்ளங்கால் பொரியும். தொப்பியும் தங்கக் கோடுமாப் படம் அனுப்புவன் எண்டு காத்திருந்த அம்மா, நான் வெறுங்காலோட கயிறு பிடிச்சு நிக்கிற படத்தைப் பார்த்திட்டு, "இதுக்கோடா அவ்வளவு காசு?" எண்டவ.

ஓடுபாதை இல்லை, கோடு இல்லை, விளக்கு இல்லை. காத்து எங்கால வருது எண்டதைத் தண்ணியில விழுற வரியைப் பார்த்துத்தான் பிடிக்கவேணும். முருகைக்கல் எங்க மேல வருது எண்டதைத் தண்ணியின்ர நிறம் சொல்லும். கொட்டியாரக் குடாவில தோணி ஓட்டுற ஆக்களுக்கு இதெல்லாம் பெரிய வித்தையே இல்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் வயித்துக்குள்ள ஒரு சந்தோசம் உருளும். மிதவை முதல்முதல் தண்ணியைத் தொடேக்க ஒரு சீறல் சத்தம் வரும் பாருங்கோ. சம்பளச் சீட்டு பிழையா வந்த மாசத்திலயும் அந்தச் சத்தம் சரியாத்தான் கேட்டது.

தங்கச்சி, ஆசை வருத்தம் இல்லை. அதைக் கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் காட்டிக் குடுக்கிறதுதான் வருத்தம்.

06.06.2024, பகல் 12.40

கடல் விமானம் பகலில மட்டும்தானா எண்டு கேட்ட ஆளுக்கு: ஓம், கடலில வெளிச்சத்தில மட்டும்தான் இறங்கிறது. இரவில வேலை இல்லை. அதால கலியாணம் கட்டினவங்களுக்கு நல்ல வேலை. மனிசி மாலைதீவில இருந்தால்.

06.06.2024, இரவு 9.30

சீனக்குடா ஓடுபாதை ஆர் போட்டது எண்டு ரெண்டு பேர் சண்டை பிடிக்கிறீங்கள். வெள்ளைக்காரன் போட்டது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டது அந்த இடத்திலயும் துறைமுகத்திலயும்தான். ஜப்பான் விமானம் ஒண்டு 91ஆம் இலக்க எண்ணெய்த் தாங்கியில விழுந்து எரிஞ்சது, அந்த இடத்தை இப்பவும் போய்ப் பார்க்கலாம். அண்டைக்கு ஹரிகேன் சண்டை விமானத்தில மேல ஏறின பெடியன்மாரிட்ட ஆரும் சம்பளம் காணுமா எண்டு கேட்டிருக்க மாட்டாங்கள். சரி, தலைப்புக்கு வாங்கோ.

சீனக்குடாவில விமானப்படைப் பயிற்சிப் பள்ளி இருக்கேக்க ஏன் காணி விக்கவேணும் எண்டும் ஒருத்தர் கேட்டிருக்கிறார். படைக்குப் போனால் படிப்புக்குக் காசு இல்லை, சம்பளமும் வரும், பதிலுக்கு வருசக்கணக்காச் சேவை செய்து குடுக்கவேணும். அது வேற வாழ்க்கை. ஊரில ஒவ்வொரு வீட்டுக்கும் அதைப்பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கு. நான் அதைக் கிளறேல்ல.

07.06.2024, காலை 8.15

டொலர் கதையை ஆரும் இன்னும் எடுக்கேல்ல, அதுதான் இங்க பெரிய ஆபத்து. சின்ன விமானத்துப் பெற்றோல், உதிரிப்பாகம், வெளிநாட்டுப் பரீட்சை, சிமுலேட்டர் எல்லாம் டொலர். காணி விக்கிறது ரூபாயில. 2022 மார்ச் தொடங்கேக்க டொலர் 200 ரூபா சொச்சம், மே மாசம் 360. பாதிக் கோர்ஸில நிண்ட பெடியன்மாருக்கு மிச்சப் பாதி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விலையாச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் அப்பிடியே விட்டிட்டு இப்ப லீசிங் கொம்பனி ஒண்டில வாகனம் பறிமுதல் செய்யிற வேலை. பறந்த மணித்தியாலம் எழுதிற லொக்புக்கை இன்னும் பைக்குள்ள வச்சிருக்கிறான்.

ரூபாயின்ர அதே வீழ்ச்சி சம்பளத்தையும் கடிச்சது. அந்த நேரம் விமான எண்ணெய் இல்லாமல் எங்கட விமானங்கள் திருவனந்தபுரத்திலயும் சென்னையிலயும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். தேசிய விமான சேவையில இருந்து விமானிகள் பலர் வளைகுடாப் பக்கம் போனாங்கள், ஆளில்லாமல் பறப்பு பிந்தின செய்தியளும் வந்தது. அவங்களுக்குத் தேசப்பற்று இல்லை எண்டு அப்ப எழுதின ஆக்களில பாதிப்பேர் எழுதினது கனடாவில இருந்து.

07.06.2024, காலை 8.40

"போனவங்கள் திரும்பி வந்தால் பழைய இடம் கிடைக்குமா?" எண்டு கேள்வி. கஸ்டம். விமானிக்கு ஆகப்பெரிய சொத்து லைசன்ஸ் இல்லை, சேர்ந்த திகதி. கனக்க நிறுவனங்களில சம்பளம், லீவு, எந்த விமானம், எப்ப கப்டன் எல்லாம் அந்த வரிசைப்படிதான். இடம் மாறினால் நரைச்ச தலையோட புதுப் பெடியனுக்குப் பின்னால நிக்கவேணும். ஆள் குறைக்கேக்க அந்த வரிசையைத்தான் பின்னால இருந்து வெட்டிக்கொண்டு வருவாங்கள். 2020 மார்ச் கடைசியில மாலைதீவு உல்லாசப் பயணியளுக்குக் கதவைச் சாத்தினது, திறந்தது ஜூலை 15. அந்த இடைவெளியில நான் உப்புவெளியில அக்காட கடையில பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தன். கடைக்கு வந்த பெடியள் "கப்டன் ஒரு கிலோ சீனி" எண்டு கேப்பாங்கள்.

07.06.2024, இரவு 11.00

அக்காவைப் பற்றிச் சொல்லீட்டன், மிச்சத்தையும் சொல்றன். எங்கட பக்கம் வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்கெண்டு உங்களுக்குத் தெரியும். என்ர கோர்ஸுக்கு வித்தது அக்காவுக்கு எழுத இருந்த காணி. அப்பா துறைமுகத்தில கிளாக், அவரிட்ட வேற ஒண்டும் இல்லை. நொத்தாரிசு வீட்டு விறாந்தையில அக்கா வந்து இருந்தா, ஒண்டும் கதைக்கேல்ல, பேனை எழுதேல்ல எண்டு ரெண்டு தரம் உதறிப்போட்டுக் கையெழுத்து வச்சா. அவவின்ர கலியாணம் ரெண்டு வருசம் தள்ளிப் போச்சு. கேட்டு வந்த ஒரு பகுதி, வளவு இல்லை எண்ட உடன திரும்பிப் பார்க்கேல்ல.

மாலைதீவுக் காசில பிறகு உப்புவெளியில அவவுக்கு வளவு வாங்கிக் குடுத்தன். அதுக்கிடையில காணி விலை எங்கயோ போயிட்டுது, வித்ததில பாதி அளவுதான் வாங்கக் கிடைச்சது. இண்டைக்கும் வேலிப் பிரச்சினை வந்தால், "உன்ர செட்டை முளைக்கத்தான் என்ர வேலி குறுகினது" எண்டு நக்கல் அடிப்பா. நானும் சிரிப்பன். கணக்குத் தீர்ந்ததா எண்டு இதுவரைக்கும் கேக்கேல்ல.

இதை ஏன் எழுதுறன் எண்டால், மேல நான் ஆசையைக் காட்டினவனுக்குச் சம்பளத்தில கழிக்கிறாங்கள் எண்டு நீட்டி முழக்கினனே, அந்தக் கழிவை நான் மட்டும் கட்டேல்ல. கேள்வி கேட்ட அண்ணைக்கு மகள் இருக்கிறாவா எண்டு தெரியேல்ல. இருந்தால் அவவையும் கூப்பிட்டு இருத்திக் கதையுங்கோ. காணி மனிசிட பக்கத்துக் காணி எண்டு வேற எழுதியிருக்கிறீங்கள்.

08.06.2024, காலை 9.20

மகள் இருக்கிறாவாம், பத்தாம் வகுப்பாம். மனிசி காணியை விக்க ஓமெண்டு சொல்லீட்டாவாம், மகள் இன்னும் வாய் திறக்கேல்லையாம். பெடியன் "சம்பளம் இல்லாட்டியும் பறப்பன்" எண்டு நிக்கிறானாம்.

தம்பி, இதை நீ வாசிச்சால்: அந்த வசனத்தை வீட்டுக்குள்ள மட்டும் சொல்லு. நேர்முகத்தில சொன்னியோ, அவங்கள் அதைக் கொன்ட்ராக்டில எழுதீருவாங்கள்.

08.06.2024, காலை 9.45

அண்ணைக்கு, காசு ஒரு சதம் கட்ட முதல் பெடியனை முதலாம் தர மெடிக்கலுக்கு அனுப்புங்கோ. இதயம், காது, கண் எல்லாம் பார்ப்பாங்கள். கண்ணாடி போடுறது குறையில்லை, போட்டபிறகு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியா 6/9க்கும், ரெண்டும் சேர்ந்து 6/6க்கும் வந்தால் காணும். நிறப் புள்ளிப் படத்தில இலக்கம் வாசிக்கிற சோதினை வேற. அதில தடக்குப்பட்டால், மேல்சோதினைக்குப் போய்த்தான் வரவேணும், அதிலயும் சரிவராட்டி காணி தப்பும்.

அது சரிவந்தால் பள்ளியில காசைத் துண்டு துண்டாக் கட்டுங்கோ. முழுக்கக் கட்டினால் கழிவு தருவம் எண்டு சொன்னால் அங்கயே எழும்பி வாங்கோ. பள்ளியில எத்தனை விமானம் எண்டு கேக்காதேங்கோ, இண்டைக்குப் பறக்கிற நிலையில எத்தனை எண்டு கேளுங்கோ, போய் எண்ணியும் பாருங்கோ. லைசன்ஸ் எடுத்த கையோட ஏ320 ரேட்டிங்கையும் (அந்த வகை விமானம் ஓட்டுறதுக்கான தகுதி) சொந்தக் காசில எடு, வேலை நிச்சயம் எண்டு ஆரும் வந்தால், வேலைக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கோ. கடிதம் இல்லாத ரேட்டிங் பறக்காமக் கிடந்தால் காலாவதியாகும், திரும்பச் சிமுலேட்டருக்குக் காசு.

காணியில பாதியை மட்டும் விக்கேலுமா எண்டு பாருங்கோ. றோட்டுப் பக்கத்துத் துண்டை மகளுக்கு விடுங்கோ.

08.06.2024, பகல் 2.05

ரத்மலானையில தங்கிறதுக்கு அறை விசாரிச்சவருக்கு: காலி வீதிக்குக் கிட்ட எடுத்தால் பஸ் லேசு, வாடகை கூட. சாப்பாடு சேர்த்துத் தாற வீடு பாருங்கோ. பசியோட செஸ்னாவில ஏறினால் வாந்திதான்.